சீனி இல்லாத கிரீம் பஃப்

கிரீம் பஃப் எப்படிச் செய்வது என்று இங்கே எழுதப் போவதில்லை. சுபாங் ஜெயாவில் நீங்கள் படிக்கும் வகுப்பில் நல்ல அடுப்புகள் இருக்கின்றன, சொல்லிக்கொடுக்க நல்லவர்கள் இருக்கிறார்கள். வகுப்பை நடத்தும் அம்மையார் என்னிடம் கேட்டது வேறு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேக்கரியில் நின்றவர் நீங்கள், புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார். முதலில் என் திறமையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது, கிழித்துவிட்டேன். உங்களுக்குக் கொடுக்கத் தகுந்தது என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அது நான் செய்த ஒரு தவறும், அந்தத் தவறிலிருந்து என்னைக் கரையேற்றிய சிலருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனும்.

நான் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறியவன். அரசாங்கத்தில் குமாஸ்தா வேலை கிடைக்கும் என்று காத்திருந்து, கிடைக்காமல், பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஹைனான் சீனர் நடத்திய ரொட்டிக் கடையில் சேர்ந்தேன். முதலாளி என்ற அர்த்தத்தில் அவரை எல்லோரும் தவுக்கே என்போம். மலாயும் பேசுவார், ரயில்வே குடியிருப்பு மக்களோடு பழகிப் பழகித் தமிழும் பேசுவார். எந்த மொழியையும் படிக்க மாட்டார். அந்த அடுப்படியில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கடிதம் வந்தால் நான் படிப்பேன், புதிய அடுப்பு வந்தால் அதன் புத்தகத்தை நான் படிப்பேன், கண்ணாடிப் பெட்டியின் மேல் வைக்கும் பலகையை மூன்று மொழியிலும் என் கையால் எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது, பலகாரப் பகுதி முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. மாலை நான்கு மணிக்கு கிரீம் பஃப் தட்டு வெளியே வரும். அந்த நேரத்துக்குச் சரியாக ஒரு டீச்சர் வருவார். பெண்கள் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. பக்கத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்த மகள் கமலாவோடு இருந்தார். நான்கரை மணிக்கு மேல் கமலா வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை எங்கள் கடையின் பளிங்கு மேசையில் உட்கார்ந்து, பாலும் சீனியும் இல்லாத தேநீரைக் குடிப்பார். அவருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. மற்றவர்கள் பஃப் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இவ்வளவு போர்டு எழுதுறீங்களே, எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஒண்ணு செய்யத் தெரியாதா உங்களுக்கு?"

சீனியை எடுத்துவிட்டுச் செய்கிறேன் டீச்சர் என்றேன். அவர் சிரித்தார். சீனியை மட்டும் எடுத்தால் போதாது, கோதுமை மாவும் உடம்புக்குள் போனால் சீனிதான் என்று ஐந்து நிமிடம் பாடம் நடத்தினார். என் தகப்பனாருக்கும் அதே நோய். கடைசி இரண்டு வருடம் ஒரு பலகாரத்தைத் தொடாமல் செத்துப்போனவர். நான் செய்து பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சோயா மாவில் செய்தேன். எழும்பவே இல்லை. தவுக்கே ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, இனிமேல் சட்டைப் பொத்தானுக்குத் தையல்காரரிடம் போக வேண்டியதில்லை என்றார். ஒரு மாதம் இப்படிப் பொத்தான்களாகப் போனது. பிறகு சாலாக் செலாத்தானில் ஒரு சீன அம்மாளைப் பற்றிக் கேள்விப்பட்டேன். கோயில்களுக்குச் சைவ உணவு செய்து கொடுப்பவர். கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் போட்டு அலசி அலசி, வெள்ளையாக இருப்பதெல்லாம் ஓடிய பிறகு கையில் ரப்பர் மாதிரி மிஞ்சும் பசையை வைத்து அவர் இறைச்சி போலச் செய்வார். எனக்குத் தேவையானது அந்தப் பசைதான். மாவுச்சத்து போய்விடும், எழும்பும் சக்தி இருக்கும். இரண்டு காலை அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் காசு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. என் கை அலசும் விதத்தைப் பார்த்து மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பசையைக் காயவைத்துப் பொடித்துச் சோயா மாவோடு சேர்த்தபோது, பஃப் பந்து மாதிரி எழும்பியது.

உள்ளே வைக்க டின் கிரீம், சீனிக்குப் பதில் சக்கரின், கொஞ்சம் வெனிலா. நாக்கின் பின்னால் ஒரு கசப்பு இருக்கும். நம் ஊர் வெயிலில் ஐந்து மணிக்கெல்லாம் கிரீம் தளர்ந்து வழியும். ஆனாலும் டீச்சர் முதல் நாள் அதைச் சாப்பிட்டபோது கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நாள் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். அந்தக் காலத்தில் வீட்டிலேயே இரத்தத்தைச் சோதிக்கும் கருவி எல்லாரிடமும் கிடையாது. ஒரு நீல மருந்தில் சில சொட்டு சிறுநீரை விட்டுக் கொதிக்க வைப்பார்கள். நீலமாகவே இருந்தால் சிறுநீரில் சீனி இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று ஏற ஏற ஆபத்து. ஒவ்வொரு நாளும் எந்த நிறம் என்று டீச்சர் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். அன்று நீலம் என்று எழுதியிருந்தது.

இனிமேல்தான் என் தவறு வருகிறது.

வழிந்த கிரீமைப் பார்த்து வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். கிரீமை நிற்க வை, இல்லையென்றால் நிறுத்திவிடு என்றார் தவுக்கே. பிறந்தநாள் கேக்குக்கு நாங்கள் பயன்படுத்திய டாப்பிங் இருந்தது. எண்ணெயில் செய்து அட்டைப் பெட்டியில் உறைய வைத்து வரும் வெள்ளைக் கிரீம். அடித்தால் எந்த வெயிலிலும் நிற்கும். அதற்கு மாறினேன். சக்கரினைப் பாதியாகக் குறைத்தும் இனிப்பு போதுமானதாக இருந்தது. கசப்பும் போய்விட்டது. வெனிலாவை மாற்றியதால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாக்கை வைத்துப் பிழைத்தவன் எப்படி இதைத் தவறவிட்டான் என்று கேட்பீர்கள். எங்கள் அடுப்படியில் சீனி என்றால் மூட்டையிலிருந்து அள்ளித் தராசில் போடுவதுதான் சீனி. பெட்டியில் வந்ததைப் பெட்டியின் பெயரால்தான் சொல்வோம். டாப்பிங் டாப்பிங்தான். அதற்குச் சீனி போட வேண்டாம் என்று தொழிலில் எல்லோருக்கும் தெரியும், ஏன் வேண்டாம் என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் அள்ளவில்லை, ஆகவே சீனி இல்லை. படிக்காதவன் இப்படி நினைத்தால் மன்னிக்கலாம். பெட்டியின் பக்கவாட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதைப் படிக்கக் கூடிய ஒரே ஆள் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

பலகையில் 'சீனி இல்லை, மாவுச்சத்து குறைவு' என்று மூன்று மொழியிலும் பெரிதாக எழுதினேன். ஒரு கிளினிக்கில் இருந்து ஆட்களை அனுப்பத் தொடங்கினார்கள். மேரு என்ற ஊரிலிருந்து ஒரு பெரியவர் வாரம் ஒருமுறை பஸ்ஸில் வந்து ஒரு பெட்டி வாங்கிப் போவார். கிள்ளானில் தவுக்கே ஒரு கிளை திறக்க எண்ணியிருந்தார். அதை நீதான் பார்க்க வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தார். டீச்சர் ராத்திரித் தோசையை விட்டுவிட்டு, தினம் நான்கு பஃப் சாப்பிட ஆரம்பித்தார். பயமில்லாமல் வயிறு நிறையச் சாப்பிட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்றார். அதைக் கேட்டு நான் பூரித்துப் போனேன்.

இரண்டு மாதம் தாண்டிய பிறகு டீச்சரின் முகம் மாறியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டார் என்றார். காலில் ஒரு சின்னப் புண் ஆறாமல் இருந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை, கமலா கூப்பிட வராத நாள், நோட்டுப் புத்தகத்தோடு வந்து என்னை மேசையில் உட்காரச் சொன்னார்.

"தம்பி, நீங்க படிச்சவரு. இதப் பாருங்க. நான் என்ன தப்பு பண்றேன்?"

பக்கங்களைப் புரட்டினேன். நீலம், நீலம், பச்சை, நீலம் என்று போய், ஒரு குறிப்பிட்ட வாரத்திலிருந்து மஞ்சள், ஆரஞ்சு, ஆரஞ்சு. டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கமலா நம்ப மாட்டேங்குறா. நான் ஒளிச்சு வெச்சு இனிப்பு திங்குறேன்னு சொல்றா. அலமாரியப் பூட்டிட்டா. முப்பது வருஷம் பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லாதேன்னு சொல்லிக் குடுத்தவ நான். என் வீட்டுல எனக்குத் திருடிப் பட்டம்."

இங்கே சாப்பிடுவதில் ஏதாவது இருக்குமோ என்று நான்தான் கேட்டேன். அவர் கையை அசைத்தார். அது நீங்களே எழுதின போர்டு, அதை நான் சந்தேகப்படவே இல்லை என்றார்.

அவர் போன பிறகு உள்ளே போனேன். நிறம் மாறிய வாரமும் நான் கிரீமை மாற்றிய வாரமும் ஒன்றுதான். உறைபெட்டியைத் திறந்து, டாப்பிங் பெட்டியைத் திருப்பி, மேலே படிந்திருந்த பனியைக் கட்டை விரலால் துடைத்தேன். தண்ணீர், எண்ணெய், அடுத்து சோளப் பாகு, அதற்கடுத்து சீனி. அங்கேயே நின்றேன். கை மரத்துப் போகும்வரை பெட்டியைப் பிடித்திருந்தேன்.

அப்போதே வெளியே ஓடியிருந்தால் டீச்சரைத் தெரு முனையில் பிடித்திருக்கலாம். அவர் மெதுவாக நடப்பவர். நான் ஓடவில்லை.

ஏன் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். கிள்ளான் கிளை போய்விடும் என்று பயந்தேன். பலகையில் இருப்பது என் எழுத்து. அதைப் பொய் என்று சொல்ல என் படிப்பு இடம் கொடுக்கவில்லை. சனி, ஞாயிறு என்று நாட்கள் போயின. மறுபடி டின் கிரீமுக்குப் போனால் வழியும், வேறு வழி கண்டுபிடித்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே தவணை கொடுத்துக்கொண்டேன். அந்த நாட்களிலும் டீச்சர் வந்தார், நான்கு பஃப் சாப்பிட்டார், நான்தான் தட்டில் வைத்துக் கொடுத்தேன். அதே வாரத்தில் டாக்டர் இரண்டாவது முறை மாத்திரையைக் கூட்டினார்.

ஒன்பதாவது நாள் திங்கட்கிழமை. வழி கிடைத்தது. டின் கிரீமோடு கடல்பாசியைக் கரைத்துச் சேர்த்து, குளிர்பெட்டியில் வைத்தால் நின்றது. ஜெலட்டின் சுலபம், ஆனால் அது மாட்டு எலும்பிலிருந்து வருவது, எங்கள் வாடிக்கையாளரில் பாதிப் பேர் மாட்டைத் தொடாதவர்கள். டாப்பிங்கை ஒதுக்கினேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. பலகை இப்போது உண்மையாகிவிட்டது, இனி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று நினைத்தேன். அன்று எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

செவ்வாய்க்கிழமை டீச்சர் நோட்டுப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். பச்சை. புதன்கிழமை நீலம். வியாழக்கிழமை வாசலில் நுழையும்போதே கையை உயர்த்தி, "இன்னிக்கும் நீலம்" என்றார். மகள் முன்னால் சோதித்துக் காட்டப் போகிறேன், இன்னும் நல்ல நீலமாக வர வேண்டும் என்று மத்தியானச் சோற்றைக்கூட விட்டுவிட்டேன் என்று சொன்னார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். நீலம் என்றால் சீனி அதிகமில்லை என்றுதான் அர்த்தம். எவ்வளவு குறைந்துவிட்டது என்று அந்த நீலம் சொல்லாது. சீனியோடு சாப்பிட்ட உடம்புக்கு அளந்து கொடுத்த மாத்திரையை அவர் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். சீனியை நான் எடுத்துவிட்டேன். அது அவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

அரை மணி நேரம் கழித்து முன்பக்கத்தில் சத்தம் கேட்டது. டீச்சர் யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. கல்லாவில் நின்ற ராஜம்மாவை, வீட்டுப்பாடம் எங்கே என்று மிரட்டிக்கொண்டிருந்தார். ராஜம்மா முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். நான் வெளியே வந்தபோது டீச்சரின் ரவிக்கை முதுகெல்லாம் நனைந்திருந்தது, கை நடுங்கியது, என்னைப் பார்த்து யார் என்று கேட்டார். பிறகு மேசையில் தலை சாய்ந்துவிட்டது.

என் தகப்பனார் ஒருமுறை இப்படித்தான் வியர்த்து, கண்டபடி பேசி விழுந்தார். சீனித் தண்ணீர் கொடுத்து எழுப்பினார்கள். எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. ரோஜா சிரப்பைத் தம்ளரில் ஊற்றிக் கரைத்துக் கொண்டு ஓடினேன். சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். இனிப்பு நீர்க்காரருக்குச் சிரப்பா, கொல்லப் பார்க்கிறாயா என்று ஒருவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். அந்த நேரம் பார்த்துக் கமலா உள்ளே வந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார். ஒரே தட்டு. தம்ளர் தரையில் உருண்டது.

"அண்ணே, என்ன பண்றீங்க? அம்மாவுக்கு ஏறிப் போயிருக்கு. இன்னும் இனிப்பக் குடுக்குறீங்களா?"

"ஏறலம்மா. இறங்கிருச்சு."

"எப்படி இறங்கும்? திருட்டுத்தனமா தின்னுக்கிட்டு இருக்காங்க. டாக்டரே சொல்றாரு."

தம்பி தங்கைகளே, நெருக்கடியில் யோசிக்க நேரம் இருக்காது என்பார்கள். எனக்கு இருந்தது. கமலாவின் கையைத் தள்ளிவிட்டு ஊற்றிவிடலாமா என்று யோசித்தேன். அவர் விடமாட்டார், வாயில் போவது பாதி சிந்தும். டீச்சர் விழுங்கும் நிலையில் இன்னும் சில நிமிடம்தான் இருப்பார். கமலாவே அந்தத் தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அவர் பிடிக்க வேண்டுமென்றால் அவர் என்னை நம்ப வேண்டும். நம்ப வைக்கக் கூடியது ஒன்றுதான் இருந்தது. நன்றாகவே யோசித்தேன். அந்த யோசனைக்கு நடுவிலும் கிள்ளான் ஒரு தடவை மனசில் வந்துபோனது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

"அம்மா திருடித் திங்கலம்மா. நான் வித்த கிரீம்ல சீனி இருந்துச்சு. மூணு மாசமா இருந்துச்சு. திங்கக்கிழமதான் எடுத்தேன், யாருகிட்டயும் சொல்லல. மாத்திரை மட்டும் அப்படியே போகுது. தலையப் பிடிங்க."

கமலா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு நாற்காலிக்குப் பின்னால் போய் அம்மாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்தார். ராஜம்மா இன்னொரு தம்ளர் கரைத்துக் கொடுத்தாள். கரண்டி கரண்டியாக ஊற்றினேன். முதல் இரண்டு கரண்டி வழிந்தது. மூன்றாவதை விழுங்கினார். கால் மணி நேரத்தில் கண் திறந்து, ஏன் எல்லாரும் சுத்தி நிக்கிறீங்க என்று கேட்டார்.

தவுக்கேதான் வேனை எடுத்து கிளினிக்குக்குக் கொண்டுபோனார். வேனில் ஏறும்போது கமலா திரும்பி, என்னிடம் அல்ல, யாரிடமும் அல்ல, "அப்போ அம்மா பொய் சொல்லல" என்றார். அதைச் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

மாத்திரையைக் குறைத்து, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

அன்று மாலையே மூன்று மொழியிலும் ஒரு அறிவிப்பு எழுதினேன். இன்ன காலத்தில் இங்கே வாங்கிய பஃப்பில் சீனி இருந்தது, சாப்பிட்டவர்கள் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், தவறு என்னுடையது என்று எழுதிப் பெயரும் போட்டேன். தவுக்கே திரும்பி வந்து அது என்ன என்று கேட்டார். படித்துக் காட்டினேன். கடையை மூடப் பார்க்கிறாயா என்று கேட்பார், கிழித்துப் போடுவார் என்று எதிர்பார்த்தேன். தாளை வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எழுத்து சின்னது. வயசான ஆளு எப்படிப் படிக்கும்? பெருசா எழுது."

அதை ஒரு மாதம் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தோம். சிலர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். கிளினிக்கிலிருந்து ஆள் வருவது நின்றது. மேருப் பெரியவர் மட்டும் அடுத்த வாரமும் பஸ்ஸில் வந்தார். நான் சொல்லச் சொல்லக் கேட்டார். நல்லவேளை சொன்னே, நாளைக்கு எனக்கு ஊசி ஆரம்பிக்கிறதா இருந்தாங்க என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். கிள்ளான் கிளை வேறொருவருக்குப் போனது. என்னை வேலையில் வைத்துக்கொண்டாரே, அதற்கே நான் தவுக்கேக்கு வாழ்நாளெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த வாரத்திலிருந்து, எந்தப் பெட்டி வந்தாலும் நான் அதை உரக்கப் படித்து, எல்லோரும் கேட்ட பிறகுதான் திறப்பது என்று ஆயிற்று. ராஜம்மாவுக்குக்கூட அந்த ஆங்கிலப் பெயர்கள் மனப்பாடம்.

நீங்கள் எடை தப்பாகப் போடுவீர்கள், கருக விடுவீர்கள், பெட்டியைப் படிக்காமல் திறப்பீர்கள். அதெல்லாம் நடக்கும். தெரிந்த பிறகு சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். நம் கையால் சாப்பிட்டவர்கள் அந்தத் தவற்றை நம்பி வேறு ஏதோ முடிவு எடுத்திருப்பார்கள். அது நமக்குத் தெரியாது. சீனி இருந்த பஃப் டீச்சரை மெதுவாகத்தான் கெடுத்தது. அவரைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனது நான் செய்த திருத்தம்.

டீச்சர் வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் கமலா வாசல் கேட் அருகில் வந்து, அம்மா தூங்குகிறார்கள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை இருவரும் கடைக்கு வந்தார்கள். டீச்சர் இளைத்திருந்தார். அதே மேசையில் உட்கார்ந்தார், கமலா பக்கத்தில். நான் போய் நின்று மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அன்னிக்கு நீங்க சொன்னத கடையில இருந்தவங்க எல்லாம் கேட்டாங்களாம். ரோட்டுல நின்னவங்ககூடக் கேட்டாங்களாம். நான்தான் கேக்கல. எனக்கு மயக்கம். இப்ப சொல்லுங்க, இவளும் இருக்கா."

கமலாவைப் பார்த்துச் சொன்னேன். உங்கள் அம்மா எதையும் ஒளித்துச் சாப்பிடவில்லை. நான் சீனி இல்லை என்று எழுதி விற்றதில் சீனி இருந்தது. மூன்று மாதம் இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் டீச்சர், மாணவர் ஒப்பிப்பதைக் கேட்கிறவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் முடித்துவிட்டேன் என்று நினைத்தபோது அவர் கேட்டார்.

"உங்களுக்குத் தெரிஞ்ச பிறகு எத்தனை நாள்?"

இதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அன்று கடையில் சொல்லவில்லை, தவுக்கேயிடம் சொல்லவில்லை, கண்ணாடியில் ஒட்டிய தாளிலும் எழுதவில்லை. திங்கட்கிழமை கண்டுபிடித்தேன், திங்கட்கிழமையே எடுத்தேன் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்படி நினைக்கட்டும் என்று விட்டிருந்தேன். ஆனால் நோட்டுப் புத்தகத்தை எனக்குக் காட்டிய சனிக்கிழமை எது என்று டீச்சருக்குத் தெரியும். அன்று என் முகம் எப்படி ஆனது என்றும் பார்த்திருப்பார்.

"பன்னெண்டு நாள், டீச்சர். சீனியோட வித்தது ஒன்பது. எடுத்துட்டு சொல்லாம இருந்தது மூணு."

"அந்த ஒன்பது நாள்ல என்னைப் பாத்தீங்க."

"தினமும் பாத்தேன். நாந்தான் தட்டுல வெச்சுக் குடுத்தேன்."

கமலா தலையை நிமிர்த்தினார். இரண்டாவது முறை மாத்திரையைக் கூட்டியது அந்த ஒன்பது நாளுக்குள் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று நின்றேன். அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார்.

பிறகு டீச்சர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்.

"ஒண்ணு குடுங்க. நாலு வேணாம். என்னென்ன போட்டிருக்குன்னு முதல்ல சொல்லுங்க."

சொன்னேன். கோதுமைப் பசை, சோயா, முட்டை, வெண்ணெய், டின் கிரீம், கடல்பாசி, சக்கரின், வெனிலா. டின்னைக் கொண்டுவந்து அதையும் படித்துக் காட்டினேன். அவர் கேட்டு முடித்துத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பழைய கசப்பு வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். நான் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நகரத் தோன்றவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டது கமலாதான்.

"உக்காருங்கண்ணே" என்றார்.